என்-கேஜில் சி56: இந்தச் சின்னக் கரி எஞ்சினுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி (ஜொகூரிலிருந்து ஒரு வாசகர்), மார்ச் 2

ஜப்பான் கரி எஞ்சின் மாடல் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். வீட்டில் இருக்கும் இடத்துக்கு, 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் சின்ன அளவான என்-கேஜ்தான் சரிப்படும். ஆனால் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டு. தண்டவாளம் அகலம், பார்க்கவே சரியிருக்காது, மெதுவாக ஓடாது, பாதை பிரியும் பாயிண்டில் நின்றுவிடும், மேட்டில் நாலு பெட்டி இழுக்காது, பேசாமல் டீசல் வாங்கு என்கிறார்கள். பித்தளையில் செய்த, இதைவிடப் பெரிய அளவான எச்ஓ வாங்க வக்கில்லாதவர்களுக்குத்தான் என்-கேஜ் கரி எஞ்சின் என்று ஒருவர் சொல்லியே விட்டார். ஓட்டிப் பார்த்தவர்கள் நேராகச் சொல்லுங்கள், அண்ணே.

மார்ச் 2, இரவு

தம்பி, வாங்கலாம். எதை வாங்குவது, வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என்னிடம் இருப்பது சி56, ஜப்பானின் கிளைப்பாதைகளில் ஓடிய சின்னக் கரி எஞ்சினின் மாடல். 1:150 அளவு, 9 மி.மீ. தண்டவாளம், 12 வோல்ட் டிசி. இரண்டாம் கை. முன்னே வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது, அதனால் பெட்டியில் உள்ள கம்பெனிப் பெயரை இங்கே போடவில்லை. கம்பெனியை மதிப்பிடுவது என் நோக்கமும் அல்ல. இந்த அளவில் ஒரு கரி எஞ்சினை எப்படிச் சோதிப்பது என்பதை மட்டும் பேசலாம்.

முதலில் நீளம். உண்மையான சி56 எஞ்சினும், கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டருமாக 14,325 மி.மீ. 150-ஆல் வகுத்தால் 95.5. என் வெர்னியரில் 96-க்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறது. பெட்டியை இணைக்கும் கப்ளர் நீட்டிக்கொண்டிருப்பதைக் கழித்தால் அளவு சரியாக வருகிறது. கைக்கடக்கமான சாமான். சுட்டுவிரலில் தொடங்கி மணிக்கட்டுக்கு முன்பே முடிந்துவிடும்.

இந்த அளவுச் சோதனையை விட்டுவிடாதே. ஜப்பானில் என்-கேஜ் 1965-இல் கேட்டோ கம்பெனியின் சி50 எஞ்சினோடு தொடங்கியது. தொடக்கமே கரி எஞ்சின். அந்தக் காலத்து மோட்டார் மெல்லிய பாய்லருக்குள் அடங்காது என்பதால், பழைய வார்ப்புகள் பலவற்றைச் சற்றுப் பெரிதாகவே செய்தார்கள். இன்றைய பெட்டிகளுக்கு முன்னால் கட்டினால் எஞ்சின் பூதம் மாதிரி நிற்கும். இரண்டாம் கையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இவைதான். சி62, டி51 போன்ற பெரிய எஞ்சின் வாங்குவதாக இருந்தால் எந்தக் காலத்து வார்ப்பு என்று கேள். டி51 அசலில் 19.73 மீட்டர், அதாவது மாடல் 131.5 மி.மீ. இருக்க வேண்டும். சி62 21,475 மி.மீ., மாடலில் 143. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போகலாம்.

மார்ச் 3

அகலத் தண்டவாளம். இந்தக் குறையை மறைக்க எனக்கு ஆசையில்லை. கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஜப்பானின் பழைய பாதைகள் 1,067 மி.மீ. 1:150-இல் 7.1 மி.மீ. வர வேண்டும். நாம் ஓட்டுவது 9 மி.மீ. திருப்பிப் பெருக்கினால் 1,350. ஆக, நம் சி56 நடப்பது உண்மையில் இல்லாத ஒரு பாதையில். ஷின்கான்சென் அதிவேக ரயில் மாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றை 1:160-இல் செய்கிறார்கள், 9 மி.மீ. பெருக்கல் 160 என்றால் 1,440, அசல் 1,435. பிரிட்டிஷ்காரர்களுக்கோ நேர் எதிரான கதை. அவர்கள் அளவு 1:148, பாதை 1,435. அங்கே 9 மி.மீ. ஒடுக்கமாகப் போய்விடுகிறது.

சரி, அப்போது எச்ஓ? ஜப்பானில் அந்தப் பெயரில் பரவலாக விற்பது 1:80 அளவும் 16.5 மி.மீ. தண்டவாளமும். பெருக்கிப் பார், 1,320. உனக்குப் புத்தி சொன்னவருடைய பித்தளை எஞ்சினும் கிட்டத்தட்ட இதே அகலத்தில்தான் ஓடுகிறது. இதைச் சரிசெய்ய 13 மி.மீ. போடுகிறவர்கள் உண்டு, 1:87-இல் 12 மி.மீ. போடுகிறவர்களும் உண்டு. அது தனி உலகம், விலையும் தனி. பித்தளை வேலைப்பாட்டின் அழகை நான் குறைத்துப் பேசவில்லை. பாதை அகலத்தைக் காரணம் காட்டி என்-கேஜைத் தள்ளுவதை மட்டும் ஏற்க முடியாது.

எங்கே உறுத்தும் என்றால், நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது. சக்கரம் வெளியே தள்ளியிருப்பதால் சிலிண்டரும் சக்கரங்களை இணைக்கும் ராடுகளும் கூடவே வெளியே வந்தாக வேண்டும். எஞ்சின் காலை அகட்டி நிற்கும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. முக்கால் கோணத்தில், கண் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து பார்த்தால் எனக்கு உறுத்துவதில்லை. மேசை உயரத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6

இனி முக்கியமான விஷயம். கரி எஞ்சின் மாடலை நான் மதிப்பிடுவது ஒன்றே ஒன்றால்தான்: எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சீராக ஓடுகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. டீசலில் ஓட்டம் சுமாராக இருந்தாலும் பெட்டி மாதிரி நகர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. கரி எஞ்சினில் ராடுகள் வெளியே ஆடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் குறையும் வெளிச்சத்துக்கு வரும். பாய்லர் மேலுள்ள குழாயை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைச் சோதிக்காமலே "அருமையான மாடல்" என்று எழுதிவிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

எப்படிச் சோதிப்பது? நேர்ப்பாதையில் ஒரு மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வை. 1:150-இல் அது 150 மீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் அந்தத் தூரத்தைக் கடக்க 27 வினாடி. 10 கி.மீ. என்றால் 54 வினாடி. 60 கி.மீ. என்றால் 9 வினாடிதான். பெரும்பாலானவர்கள் வீட்டில் ஓட்டும் வேகத்தை அளந்து பார்த்தால் ஒரு மீட்டரை நாலைந்து வினாடியில் தாண்டியிருப்பார்கள். அது 110, 130 கி.மீ. ஜப்பானில் சி62 17 என்ற எஞ்சின் 1954 டிசம்பர் 15 அன்று 129 கி.மீ. தொட்டது, குறுகிய பாதையில் கரி எஞ்சினுக்கு அதுவே உலக சாதனை. கிளைப்பாதையில் ஓடிய குட்டி சி56-ஐ அந்த வேகத்தில் விரட்டிவிட்டு, பொம்மை மாதிரி இருக்கிறது என்று குறைப்படுவது நியாயமில்லை.

என்னுடையது வந்தவுடன் 54 வினாடிச் சோதனையில் தேறவில்லை. கொஞ்சம் போகும், திக்கும், மறுபடி போகும். திக்குகிற விதத்தைக் கவனிக்க வேண்டும். நோய் அதிலேயே தெரியும். சக்கரம் ஒரு சுற்று முடியும்போது சரியாக அதே இடத்தில் ஒருமுறை தடுக்கினால், குறை ராடிலோ சக்கரப் பல்லிலோ இருக்கிறது, அல்லது இரு பக்கச் சக்கரங்களின் கோணம் விலகியிருக்கிறது. ஒரு சுற்றுக்குள் பலமுறை படபடவென்று தடுக்கினால் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். சுற்றோடு சம்பந்தமில்லாமல், பாதையில் கண்ட இடத்தில் நின்றால் மின்சாரம் ஏறவில்லை, அதாவது அழுக்கு. என்னுடையது மூன்றாவது வகை. நல்லவேளை, மூன்றில் எளியது அதுதான்.

சக்கரத்தைச் சுத்தம் செய்யும் முறை: டிஷ்யூ காகிதத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடு. எஞ்சினின் இயங்கு சக்கரங்கள் காகிதத்தின் மேல், டெண்டர் வெறும் தண்டவாளத்தின் மேல். டெண்டரும் மின்சாரம் எடுக்கிற மாடலாக இருந்தால், எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தாலே சக்கரம் காகிதத்தின் மேல் சுழன்று தானே துடைத்துக்கொள்ளும். காகிதத்தில் ஆறு கறுப்புக் கோடுகள் விழுந்தன. இரண்டு கோடு மட்டும் வெளிறியிருந்தது. ஒரு அச்சின் சக்கரங்களில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள், அந்த இரண்டும் மின்சாரம் எடுப்பதில்லை, அதனால் பொறி பறந்து கருகுவதும் இல்லை. காகிதத்தை மாற்றி மாற்றி, கோடு மறையும் வரை செய்தேன். ஆல்கஹால் ரப்பரில் ஊறவிடக் கூடாது, வளையம் தளர்ந்துபோகும்.

அப்புறம் அதே ஒரு மீட்டர். ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நகர்ந்தது, ஒரு தடுக்கல் இல்லை. அசல் சக்கரம் 1,400 மி.மீ. விட்டம், இங்கே 9.3 மி.மீ. அந்த வேகத்தில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இரண்டு வினாடி ஆகிறது. பக்க ராடு கீழே இறங்கி, பின்னால் போய், மேலே ஏறுவதைக் கண்ணால் பின்தொடரலாம். சிலிண்டருக்குப் பின்னால் குறுக்குத்தலை உள்ளே போய் வெளியே வருகிறது. வால்வு இயக்கும் மெல்லிய கம்பி குண்டூசித் தடிமன்கூட இல்லை, அதுவும் தன் வேலையைச் செய்கிறது. இதைப் பார்க்கத்தான் நான் கரி எஞ்சின் வாங்கினேன்.

மார்ச் 7

பாயிண்டில் நிற்பது பற்றிக் கேட்டிருந்தாயே. பாயிண்டின் நடுவே இரண்டு தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் முனை பிளாஸ்டிக்காக இருந்தால், அங்கே சில சக்கரங்களுக்கு மின்சாரம் கிடையாது. மூன்று அச்சில் ஒன்று ரப்பர் போட்டது, மீதி இரண்டு. டெண்டர் மின்சாரம் எடுக்காவிட்டால் அந்த இரண்டில் ஒன்று பிளாஸ்டிக்கில் நிற்கும், இன்னொன்றில் தூசி. கதை முடிந்தது. டெண்டரும் எடுத்தால் பிரச்சினை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தீரும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: டெண்டர் சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறதா? விளக்கு எரிகிறதா, புகை வருகிறதா என்பதெல்லாம் பிறகு.

மார்ச் 10

இழுவை. கிள்ளானிலிருந்து ஒருவர் தன் சி56 மேட்டில் ஐந்து பெட்டிக்கே வழுக்குகிறது, இது குறைபாடுதானே என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, எந்த மேடு என்று சொல்லவில்லையே. அசல் சி56 பேர் வாங்கியது ஜப்பானின் கோஉமி மலைப்பாதையில். கொபுச்சிசாவாவிலிருந்து கொமோரோ வரை 78.9 கி.மீ. கியோசாத்தோவுக்கும் நொபெயாமாவுக்கும் நடுவே கடல் மட்டத்திலிருந்து 1,375 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது, ஜப்பான் ரயில்வே (ஜேஆர்) பாதைகளிலேயே அதுதான் உச்சி. ஏற்றம் ஆயிரத்துக்கு 33. மேசையில் ஒரு மீட்டருக்கு 33 மி.மீ. தூக்கினால் அதே ஏற்றம். வீட்டில் பாலம் கட்டும்போது நாம் ஆயிரத்துக்கு 40 சாதாரணமாக வைத்துவிடுகிறோம், அதுவும் வளைவில். வளைவில் பெட்டிச் சக்கரங்கள் உரசுவது தனிச் சுமை.

வளைவையும் யோசித்துப் பாருங்கள். 249 மி.மீ. ஆரம் என்பது அசலில் 37 மீட்டர். எந்த ரயிலும் அப்படித் திரும்பாது. 300 மீட்டர் ஆரமுள்ள ஒரு சாதாரண வளைவை அப்படியே சுருக்கினால் 2 மீட்டர் ஆரம் வேண்டும், வரவேற்பறை போய்விடும்.

என்னுடையதை ஆயிரத்துக்கு 33-இல், நேர்ப்பாதையில் விட்டுப் பார்த்தேன். இரண்டு போகி (திரும்பும் சக்கரச் சட்டம்) உள்ள பயணிப் பெட்டி நாலு வரை திணறாமல் ஏறுகிறது. ஐந்தாவது கட்டினால் சக்கரம் சறுக்கத் தொடங்குகிறது. இரண்டு அச்சுச் சரக்குப் பெட்டிகள் என்றால் எட்டு, ஒன்பது. சமதரையில் இதைவிட நிறையவே இழுக்கும். அசலிலும் சி56 மொத்தம் சுமார் 65 டன், அதில் எஞ்சின் மட்டும் 38 டன். இரண்டு பயணிப் பெட்டியும் நாலைந்து சரக்குப் பெட்டியும் கலந்து கட்டிய வண்டி அதற்குப் பின்னால் இயல்பாகப் பொருந்தும். பன்னிரண்டு பெட்டி விரைவு வண்டி வேண்டுமென்றால் அது சி62-வின் வேலை.

ரப்பர் வளையம் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தாலும் வழுக்கும். இரண்டாம் கை என்றால் முதலில் அதை மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

மார்ச் 11

இழுவை பற்றி நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எல்லா அச்சிலும் ரப்பர் போட்டால் இழுவை கூடுமே என்று தோன்றும். கூடும். மின்சாரம் போய்விடும். எஞ்சின் சின்னதாக ஆக ஆக இந்த இரண்டுக்கும் நடுவே பேரம் கடுமையாகிறது. நான் எப்போதும் மின்சாரத்தின் பக்கம். நாலு பெட்டியோடு சீராகப் போகும் எஞ்சின், எட்டுப் பெட்டியோடு திக்கித் திக்கிப் போவதைவிட எனக்கு உசத்தி.

மார்ச் 12

தோற்றம் பற்றி எழுதவே இல்லையே என்கிறீர்கள். எழுதுகிறேன், சி56-இல் பார்க்க வேண்டியது டெண்டர்.

ஜப்பான் எஞ்சின் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கதை புரிந்துவிடும். முதல் எழுத்து இயங்கு அச்சுகளின் எண்ணிக்கை: பி என்றால் இரண்டு, சி மூன்று, டி நான்கு. அடுத்த எண் 10 முதல் 49 வரை என்றால் டெண்டர் இல்லாத டாங்க் எஞ்சின், 50-இலிருந்து மேலே என்றால் டெண்டர் உண்டு. சி12 ஒரு டாங்க் எஞ்சின். அதன் பாய்லரை அப்படியே எடுத்து, பக்கத் தொட்டியைக் கழற்றி, நீண்ட தூரம் ஓட டெண்டர் கட்டியதுதான் சி56. 1935 முதல் 1939 வரை 160 எஞ்சின்கள் அரசு ரயில்வேக்குச் செய்தார்கள். ஜப்பானியர் செல்லமாக ஷிகொரொக்கு என்பார்கள்.

கிளைப்பாதைக் கடைசி நிலையங்களில் எஞ்சினைத் திருப்பும் மேடை இருக்காது. திரும்பும் பயணம் முழுக்கப் பின்னோக்கியே ஓட வேண்டும். டெண்டர் மறைத்தால் ஓட்டுநருக்குப் பாதை தெரியாது. அதனால் டெண்டரின் மேல்பக்கம் இரண்டு ஓரத்தையும் வெட்டி ஒடுக்கினார்கள். என் மாடலில் அந்த வெட்டு சுத்தமாக வந்திருக்கிறது. ஓட்டுநர் அறைச் சன்னலில் கண்ணை வைத்துப் பின்னால் பார்த்தால் அந்த ஒடுக்கத்தின் வழியே தண்டவாளம் தெரிகிறது. ஓட்டுநர் பார்த்தது அதைத்தான். இதற்கு மேல் எனக்குத் தோற்றத்தில் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது. கைப்பிடிக் கம்பிகள் அசலை எண்ணினால் கொஞ்சம் தடிமன்தான், அதைவிட மெல்லியதாக இருந்தால் கையில் எடுக்கும்போதே வளைந்துவிடும்.

ஆகவே சி56 வாங்குகிறவர்கள் அதைப் பின்னோக்கியும் ஓட்ட வேண்டும். சோதனையையும் பின்னோக்கிச் செய்ய வேண்டும். முன்னால் அழகாகப் போய்ப் பின்னால் வரும்போது டெண்டரின் முன்சக்கரம் தடம் புரளும் மாடல்களைப் பார்த்திருக்கிறேன். இந்த எஞ்சினுக்கு அது பாதித் தோல்வி.

மார்ச் 15

ஈப்போவிலேயே இருக்கும் ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்டார், "இந்த எஞ்சின்தானே சயாமுக்குப் போனது?" ஆமாம். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். சி56 பற்றிப் பேசிவிட்டு இதை விட்டால், பேச்சு பாதியில் நிற்கும்.

1 முதல் 90 வரை எண்ணிட்ட சி56 எஞ்சின்களை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சக்கர அகலத்தை ஒரு மீட்டர் பாதைக்கு மாற்றித் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார்கள். 160-இல் 90. பாதிக்கு மேல். எடை குறைவு, அவசரத்தில் போட்ட பாதையிலும் ஓடும், தண்ணீரும் கரியும் கூடவே போகும். கோஉமி மலைப்பாதைக்கு எந்தக் குணங்கள் ஏற்றவையோ அதே குணங்கள் சயாம்-பர்மா பாதைக்கும் ஏற்றவையாக இருந்தன. போர்க்கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்து ஜப்பான் ராணுவம் போட்ட 415 கி.மீ. பாதை அது, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைக்கூடப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு அதைவிடப் பல மடங்கு, அதில் நம்மவர்களும் ஏராளம். தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறையில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தோட்டத்துச் சனங்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் வரிசை கிடையாது.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் போனார், தாத்தாவின் அண்ணன். திரும்பவில்லை. அப்பாயி அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "சயாமுக்குப் போனவர்" என்றுதான் சொல்வார், இறந்துவிட்டார் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால் இந்த எஞ்சினை வெறுக்க வேண்டுமா என்று நண்பர் கேட்டார். எனக்கு வெறுப்பு வரவில்லை. எஞ்சினைக் கோஉமிக்கும் ஓட்டலாம், சயாமுக்கும் அனுப்பலாம், அனுப்பியது மனிதர்கள். ஆனால் மாடலோடு வரும் எண் பலகையை ஒட்டும்போது 90-க்குக் கீழே உள்ள எண்ணைப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். என் மேசையில் இருப்பது கோஉமி மலை. அங்கே கடைசிவரை ஓடிய எண்களில் ஒன்றைப் போடுகிறேன். வேறொருவர் 31-ஐப் போட்டு சயாம் பாதையை அமைத்தால் அதுவும் தவறில்லை, பாதையைப் போட்டவர்களையும் அந்தக் காட்சியில் காட்டினால் நன்றாக இருக்கும். மீட்டர் பாதைக்கு 1:150-இல் 6.67 மி.மீ. தண்டவாளம் வேண்டும், 9-இல் ஓட்டினால் அகலக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். செய்கிறவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 16

எண் 31 ஏன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். சி56 31 தாய்லாந்திலிருந்து 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பியது. இப்போது தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் யூஷூகான் காட்சியகத்தில் நிற்கிறது. சயாம் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு திரும்பிய இன்னொன்று சி56 44, ஓஇகாவா ரயில்வேயில் மறுபடி ஓடியது. தாய்லாந்திலேயே தங்கியவற்றில் 713, 715 என்ற எண்களில் இரண்டைத் தாய்லாந்து ரயில்வே ஓட்டும் நிலையில் பராமரித்து வந்திருக்கிறார்கள். அரசு ரயில்வேக்குச் செய்ததில் கடைசி எண்ணான 160 கியோத்தோவில். கோஉமி பக்கம் போகிறவர்களுக்கு: சி56 149 கியோசாத்தோ நிலையத்து வாசலிலேயே நிற்கிறது. டெண்டர் வெட்டைக் கிட்டப்போய்ப் பார்க்க அது நல்ல இடம்.

மார்ச் 21

மோட்டார் பற்றி என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது.

பழைய வகை மோட்டாரில் சுழலும் பகுதி இரும்பு, அதன்மேல் கம்பிச்சுருள். காந்தம் இரும்பைப் பிடித்துப் பிடித்து விடுவதால் மெதுவேகத்தில் படி இறங்குவதுபோல நகரும். கோர்லெஸ் மோட்டாரில் இரும்பு கிடையாது, சுருள் மட்டுமே சுழலும். பிடிப்பு இல்லை, மிகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே வழுவழுவென்று எழும். புதிய ஜப்பானிய என்-கேஜ் கரி எஞ்சின்கள் இவ்வளவு மெலிந்த பாய்லரோடு, இவ்வளவு சீராக ஓடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். கோர்லெஸ் இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம் என்றுகூட நான் பலரிடம் சொல்லி வந்தேன்.

இப்போது அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லமாட்டேன். பினாங்கில் ஒருவர் வீட்டில் பழைய மோட்டார் போட்ட சி11 ஓடியதைப் பார்த்தேன். நன்றாக ஓட்டிப் பழகிய, எண்ணெய் சரியாக இட்ட எஞ்சின். 20 கி.மீ. வேகத்தில் என் சி56-க்குச் சமமாகவே போனது. அதற்குக் கீழே இறக்கினால்தான் வித்தியாசம் தெரிந்தது. மோட்டார் வகையைவிடச் சக்கரமும் ராடும் எண்ணெயும் முதலில் சரியாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர். மெதுவாக ஓட்டவும், நிற்கும்போதே விளக்கு எரியவும் மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் வகைகள் உண்டு. அந்தத் துடிப்பு வேகமாக, காதுக்கு எட்டாத அளவில் இருந்தால் கோர்லெஸுக்குத் தொல்லையில்லை. மெதுவான துடிப்பாக, எஞ்சின் 'ஙொய்ங்' என்று முனகினால் கவனம்: மெல்லிய சுருள் சீக்கிரம் சூடேறும். ஓட்டிவிட்டு எஞ்சினின் அறைப்பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை எடுக்கத் தோன்றினால் அந்தக் கன்ட்ரோலரை டீசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 29

நம் ஊர் ஈரக்காற்று. ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் தண்டவாளத்தின் மேல் மங்கலான படலம் ஏறிவிடுகிறது. அன்று ஓட்டிப் பார்த்து எஞ்சினைக் குறைசொல்லக் கூடாது. முதலில் ஆல்கஹால் துணியால் பாதையைத் துடைத்துவிட்டுப் பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகக் குடியேறும். எண்ணெயும் அப்படித்தான். அச்சில் ஊசி முனையால் ஒரு துளிக்கும் குறைவு. கூடினால் அது சக்கர விளிம்புக்கு வழிந்து, பாதை முழுக்கப் பரவி, தூசியைப் பிடித்து வைக்கும். ராடு மூட்டுகளில் நான் எண்ணெயே இடுவதில்லை, பிளாஸ்டிக்கும் மெல்லிய உலோகமும் அங்கே காய்ந்தே நன்றாக ஓடுகின்றன.

ஏப்ரல் 5

ஜொகூர்த் தம்பி இரண்டு எஞ்சின்களில் வந்து நிற்கிறார்: புதிய சி62, இரண்டாம் கை சி56. எதை வாங்க என்கிறார்.

சி62 பெரிய ஆசைதான், புரிகிறது. ஜப்பானின் மிகப்பெரிய பயணி எஞ்சின், 1948-49-இல் டி52 சரக்கு எஞ்சின்களின் பாய்லரை வைத்துக் கட்டிய 49 எஞ்சின்கள். புகைத் தடுப்புத் தகட்டில் பறக்கும் தகைவிலான் குருவி போட்ட சி62 2-ஐப் பார்த்து மயங்காதவர் இல்லை. சுபமே என்ற விரைவு வண்டியின் சின்னம் அது. ஆனால் உன் மேசை 60 செ.மீ. அகலம் என்கிறாய். அதில் 249, 282 ஆரத்துக்கு மேல் போக முடியாது. 143 மி.மீ. எஞ்சின் அந்த வளைவில் முன்பகுதியை வெளியே நீட்டிக்கொண்டு திரும்பும், பின்னால் கட்ட உன்னிடம் இடமிருப்பது நாலு பெட்டி. சி56 அதே வளைவில் இயல்பாகத் தெரியும், நாலு பெட்டி அதற்கு முழு வண்டி. மேசை பெரிதாகும் நாளில் சி62 வாங்கு.

விற்பவரிடம் ஒரு வேலை சொல். அழகாக எடுத்த படம் வேண்டாம். தண்டவாளத்தை ஒட்டிக் கைபேசியை வைத்து, ஒரு மீட்டர் தூரத்தை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல். 40 வினாடிக்கு மேல் தாங்கினால், ராடு ஒரே இடத்தில் தடுக்காவிட்டால் வாங்கிவிடலாம். பாதையில் அங்கங்கே நின்று நின்று வந்தால் விலையைக் குறைத்துக் கேள், பெரும்பாலும் அழுக்குதான். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நொண்டினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடு. சக்கரக் கோணத்தை வீட்டில் உட்கார்ந்து சரிசெய்வது முதல் எஞ்சின் வாங்குகிறவருக்கு உரிய வேலை அல்ல.

ஏப்ரல் 6

தம்பி வீடியோ அனுப்பியிருக்கிறார். முன்னோக்கி 48 வினாடி, நின்றது ஒரே ஒருமுறை, அதுவும் தண்டவாள மூட்டில். பின்னோக்கி 45, தடம் புரளவில்லை. ராடு சீராகச் சுற்றுகிறது. ரப்பர் வளையம் பழசு என்று விற்பவரே சொல்லியிருக்கிறார். வாங்கு. வளையம் ஒரு ஜோடி கூடவே வாங்கி வை, எண் பலகை ஒட்டும் பசையை மட்டும் மிகக் கொஞ்சமாகத் தொடு.